வசந்தாமணியோட சோம்பேறித்தனம்

நீ எந்திரிக்க வேண்டாம் கண்ணு, சித்த நகந்துக்க, போதும். ஜன்னலோரம் வேணும்னு கேட்டது வாந்திக்கு இல்ல, மூஞ்சியச் சுளிக்காத. காத்து வரணும், அவ்வளவுதான். பஸ்ஸுல ஏறினதும் மூக்குல ஏறுச்சு பாரு ஒரு வாடை, வாடின மல்லிப்பூவும் டீசலும் எவனோ தின்ன முட்டை போண்டாவும் சேந்து. முன்னெல்லாம் எனக்கு இந்த மூக்கு கெடையாது. புழுதியிலயும் வேர்வையிலயும் கெடந்தவ நான். இப்ப எதக் கண்டாலும் கொமட்டுது. மனுசங்களக் கண்டாலும்தான்.

நீ கரூருக்கா? ஆஸ்டலா? சரி. நானும் கரூருக்குத்தான் போறேன். முதுகக் கூனாத, நிமிந்து உக்காரு. கோவிச்சுக்காத கண்ணு, உடுமலையில பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல முப்பது வருசத்துக்கு மேல பி.டி. டீச்சரா இருந்தவ. கோகிலவாணின்னு பேரு. வாணி டீச்சர்னு சொன்னா ஊருக்கே தெரியும். கூனின முதுகப் பாத்தா என் கை தானா நீளும்.

உடம்புக்கு என்னன்னு நீ கேக்கல. ஆனா மூஞ்சியவே பாக்கற. இது என் மூஞ்சி இல்ல கண்ணு. என் மூஞ்சி கன்னம் ஒட்டி, தாடை எலும்பு துருத்திட்டு இருக்கும். இது மாத்திரை குடுத்த மூஞ்சி. காலைல கண்ணாடியில பாத்தா ஊறவெச்ச வடை மாதிரி ஒண்ணு என்னப் பாத்து முழிக்கும். சீன்னு திரும்பிக்குவேன்.

ஈரல் சுருக்கம். பாத்தியா, சொன்னதும் ஒரு இஞ்சு தள்ளி உக்காந்த. ஒட்டுவாரொட்டி இல்ல கண்ணு. குடிச்சும் வரல. இத நான் எத்தன பேருக்குச் சொல்லிச் சொல்லி வாய் புளிச்சிருச்சு தெரியுமா. போன வருசம் விளையாட்டு விழா அன்னிக்கு, காலைல போட்ட ஷூவ மத்தியானம் கழட்ட முடியல. காலு வீங்கிக் கெடந்துது. அதுக்கு முன்னாடியே வயிறு உப்பிட்டு வந்துது, நான் வாயுன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடிச்சிட்டிருந்தேன். புள்ளைங்க ரிலே ஓடிட்டிருக்காங்க, நான் அப்படியே சுண்ணாம்புக் கோட்டு மேல சரிஞ்சு விழுந்து, மொத்தப் பள்ளிக்கூடமும் பாக்கப் பாக்க ரத்தமா வாந்தி எடுத்தேன். அந்த அசிங்கத்த இன்னிக்கு நெனச்சாலும் உடம்பு கூசுது.

கோயமுத்தூருக்குக் கொண்டு போனாங்க. அங்க ஒரு சின்ன டாக்டரு, மீசை கூட ஒழுங்கா மொளைக்கல, வந்ததும் கேக்கறான், குடிப்பழக்கம் உண்டாம்மான்னு. இல்லைன்னேன். எழுதிக்கிட்டு, பொறவு வேற மாதிரி கேக்கறான், எப்பவாவது விசேசத்துல உண்டான்னு. வார்டு பூராவும் குடிச்சு ஈரலக் கெடுத்துக்கிட்டவனுங்க. மஞ்சக் கண்ணும் பானை வயிறுமா. பக்கத்து அறையில புருசனுக்குத் தொணைக்கு இருந்த ஒரு பொம்பள, எங்கிட்ட வந்து ரகசியமா, நீங்க கடையில நீங்களே போய் வாங்குவீங்களா, ஆள் விட்டு வாங்குவீங்களான்னு கேட்டா. நான் டீக்காப்பியே குடிக்காதவ. அவள அடிக்கலாம்னு கை ஓங்கினேன், கை பாதிக்கு மேல எந்திரிக்கல.

அப்புறம்தான் பெரிய டாக்டரம்மா வந்தாங்க, செண்பகவல்லின்னு. அவங்கதான் புரியும்படி சொன்னாங்க. உடம்புல நோயோட சண்டை போடறதுக்குன்னு ஒரு படை இருக்குதாமா. எனக்கு அது புத்தி பெரண்டு போயி என் ஈரலையே எதிரின்னு நெனச்சு வருசக்கணக்கா அடிச்சிட்டிருந்திருக்கு. சத்தமே இல்லாம. வயித்துலருந்து ஊசி போட்டு மஞ்சத் தண்ணிய எறக்கினாங்க. தண்ணி போனப்புறம்தான் தெரிஞ்சுது, உள்ள நான்னு ஒருத்தி மிச்சமே இல்ல. தோலும் எலும்பும்தான். மாத்திரை ஒழுங்காத் தின்னு, உப்பக் குறைச்சு, சத்தாச் சாப்பிட்டா, கெட்டது கெட்டதுதான், மிச்ச ஈரல் தாக்குப் புடிக்கும், மெல்லத் தேறிக்கலாம்னாங்க.

மெல்லன்னா எப்படி மெல்லன்னு அவங்க சொல்லல.

நான் கல்யாணம் பண்ணிக்கல கண்ணு. ஏன்னு கேக்காத. எங்கப்பா கட்டின வூடு, தம்பி கதிர்வேலும் அவன் பொண்டாட்டி வசந்தாமணியும் நானும் ஒண்ணா இருக்கறோம். இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சு அவ வந்து. தங்கமான பொண்ணு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா சோம்பேறி. அத எங்க நின்னும் சொல்லுவேன். வாசல் கூட்ட ஆரம்பிச்சா பாதியில வெளக்குமாத்தப் புடிச்சுட்டுக் குத்துக்கால் போட்டு உக்காந்துருவா. துணி தொவைக்கப் போனா கல்லு மேல துணிய வெச்சுட்டு அவளும் பக்கத்துல உக்காந்திருப்பா. கேட்டா, நங்கையா, காலு இழுக்குதுங்க, கண்ணு இருட்டுதுங்கன்னு சொல்லுவா. நங்கையான்னா எங்க பக்கம் வூட்டுக்காரரோட அக்கா. ஒரு நாளும் எதுத்துப் பேச மாட்டா. ஆனா வேகமும் வராது. பேரு என்னமோ வசந்தாமணி. எருமைமணின்னு வெச்சிருக்கலாம்னு நானே ஒரம்பரைக்காரங்க, சொந்தபந்தம் எல்லாரு முன்னாடியும் சொல்லி எல்லாரும் சிரிச்சிருக்கறோம். அவளும் சிரிப்பா.

என் அசதி அப்படி இல்ல. அத உனக்கு எப்படிச் சொல்றது. நீ நல்லா ஓடியாடி வந்து அக்கடான்னு உக்காருவியே, அது சொகம். அது அசதியே இல்ல. இது தூங்கி எந்திரிச்சாலும் போகாது. தூங்கி எந்திரிக்கும்போதே கூட இருக்கும். பல்லு வெளக்கிட்டு உக்காந்துக்கணும். தலை வாரறதுக்குக் கையத் தூக்கினா பாதி வாரறதுக்குள்ள கை தன்னால மடியில விழுந்துரும். காலு நம்ம காலு மாதிரியே இருக்காது, யாரோ நனைஞ்ச மண்ணு மூட்டையக் கட்டி விட்ட மாதிரி இழுக்கும். எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டும். இத வெளியில இருந்து பாக்கறவனுக்கு ஒண்ணுமே தெரியாது கண்ணு. சும்மா உக்காந்திருக்கற மாதிரிதான் தெரியும். அதுதான் கொடுமை. ஒரு நாள் பழைய ஸ்டூடண்டு ஒருத்தி வந்தா, நான் கட்டில்ல சாஞ்சிருக்கறதப் பாத்துட்டு, டீச்சருக்கு இப்பத்தான் ரெஸ்டு கெடைச்சிருக்குன்னு சிரிச்சா. ரெஸ்டாம். அவளப் பாக்கவே அருவருப்பா இருந்துது.

சாப்பாடு இருக்கே, அது அதுக்கு மேல. உப்பில்லாத பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாங்க. அந்தக் குப்பைய நான் தின்னேன். முட்டை வெள்ளை, பாசிப்பயிறு, உப்பில்லாத கூட்டு. கூடவே பாகு மாதிரி ஒரு மருந்து, வாயெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். அதக் குடிச்சா வயிறு தொறந்துட்டுப் போகும், போகணுமாம், இல்லைன்னா நஞ்சு மூளைக்கு ஏறிருமாம். காலத்துக்கும் சுத்தமா வாழ்ந்தவ, பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடையா நடந்தேன். சில நாள் போய்ச் சேர்றதுக்குள்ளயே ஆயிரும். கழுவி விட்டது யாருங்கற. அவதான். வேற யாரு.

வசந்தா நல்லாத்தான் பாத்துக்கிட்டா, அத மறைக்கக் கூடாது. உப்புக்குப் பதிலா எலுமிச்சம்பழம் புழிஞ்சு, சீரகத்த வறுத்துப் பொடிச்சுப் போட்டு, கொத்தமல்லி தட்டி, என்னமோ பண்ணி வாயில வெக்கற மாதிரி ஆக்கிருவா. வெறும் வயித்தோட ராத்திரி பூராக் கெடந்தா உடம்பு தன் சதையவே தின்ன ஆரம்பிச்சுருமாம், அதனால படுக்கறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சாப்பிடணும்னு டாக்டரம்மா சொல்லிருந்தாங்க. எனக்கு மறந்து போனாலும் அவளுக்கு மறக்காது. சத்துமாவுக் கஞ்சியோட வந்து நிப்பா. நான் வேண்டாம்னு மூஞ்சியத் திருப்பிக்குவேன். டம்ளரப் புடிச்சுட்டு அப்படியே செவுத்துல சாஞ்சு நிப்பா. அப்பவும் பாரு, நேரா நிக்க மாட்டா, சாஞ்சுதான் நிப்பா.

அப்படியே உடம்பு ஏற ஆரம்பிச்சுது. மாசத்துக்கு ஒரு கிலோ, சில மாசம் அதுவும் இல்ல. மிஷின்ல ஏறி நிக்கும்போது டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோசம். தண்ணி எடைன்னா ரெண்டு நாள்ல ஏறிரும், சதை எடை இப்படித்தான் மெல்ல ஏறும், யாரு உங்களுக்குச் சமைக்கறதுன்னு கேட்டாங்க. நான் தம்பி வூட்டுலன்னு சொன்னேன். எனக்குச் சந்தோசம் வரல கண்ணு. வயித்தச் சுத்தி டயரு மாதிரி ஒரு மடிப்பு. கன்னம் தொங்குது. குண்டா இருக்கற புள்ளைங்கள நான் எத்தன ரவுண்டு ஓட விட்டிருப்பேன். வாயக் கட்டுடி, வயிறக் குறைடின்னு மைதானத்துல வெச்சுத் திட்டினவ. இப்ப சந்தைக்குப் போனா ஒருத்தி, டீச்சர் நல்லாத் தேறிட்டீங்கங்கறா. பின்னாடியே இன்னொருத்தி, என்ன டீச்சர் இப்படிப் போட்டுட்டீங்கங்கறா. ரெண்டு பேரு வாயிலயும் மண்ணள்ளிப் போடலாம்னு இருக்கும்.

டாக்டரம்மா தெனமும் சித்த நேரம் நடக்கச் சொன்னாங்க. விழுந்துருவேன்னு வசந்தாவையும் கூட அனுப்புவான் தம்பி. பள்ளிக்கூட மைதானத்துல நான் முன்னால, அவ பின்னால. நான் ஒரு சுத்து முடிக்கறதுக்குள்ள அவளுக்கு மூச்சு வாங்கி, சிமெண்டு பெஞ்சியில போய் உக்காந்துருவா. சாகக் கெடந்து எந்திரிச்சவ நான் நடக்கறேன், நல்லா இருக்கற உனக்கு என்னடி கேடுன்னு கேட்டேன். அங்க நடக்க வர்ற பேங்க்காரங்க, வாத்தியாருங்க எல்லாரும் இருந்தாங்க. அவ முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டா. அடுத்த நாளும் வந்தா. அடுத்த நாளும் உக்காந்தா.

இப்பத்தான் தாராபுரமா? இன்னும் பாதி வழி கூட ஆகல. தண்ணி வெச்சிருக்கியா? ஒரு வாய் போதும், அதுக்கு மேல எச்சாக் குடிக்கக் கூடாது நான்.

போன வைகாசியில வசந்தாதான் என்னச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனா. நல்லாக் கேட்டுக்க, என் செக்கப்புக்கு. டாக்டரம்மா என் ரிப்போர்ட்டப் பாத்துட்டே தலைய நிமித்தினாங்க, அவ கதவோரமா நின்னுட்டிருந்தா. நீங்க இங்க வாங்கன்னாங்க. அவ என்னப் பாத்தா, நான் போன்னேன். டாக்டரம்மா அவ கண்ணு எமைய இழுத்துப் பாத்தாங்க, நகத்தப் பாத்தாங்க, மெல்ல என்னமோ கேட்டாங்க. அவ அதவிட மெல்ல என்னமோ சொன்னா. உடனே ரத்தம் எடுக்க அனுப்பிட்டாங்க. நான் அங்கயே உக்காந்திருக்கேன், என் ஈரலப் பத்திப் பேச்சே இல்ல. ரிசல்ட்டு வந்ததும் டாக்டரம்மா என்னப் பாத்துச் சொன்னாங்க:

“இந்த ரத்தத்த வெச்சுக்கிட்டு இவங்க நடமாடறதே பெரிய விசயம்மா. வூட்டுல யாருமே கவனிக்கலையா?”

எங்கிட்ட எதுக்குக் கேக்கணும் அத? நான் என்ன அவ புருசனா? கர்ப்பப்பையில கட்டி. வருசக்கணக்காப் போக்கு. உடம்புல இருக்கற ரத்தமெல்லாம் அதுலயே போயிட்டிருந்திருக்கு. வெக்கப்பட்டுட்டு யார்கிட்டயும் சொல்லல. பொம்பளைன்னா அதெல்லாம் இருக்கறதுதான கண்ணு. முருங்கைக்கீரை, பேரிச்சம்பழம் தின்னிருந்தா சரியாயிருக்கும். அதுவும் அந்த முருங்கைக்கீரைய ஆஞ்சு ஆஞ்சு எனக்குத்தான் பொரிச்சுப் போட்டா, தனக்கு எடுத்து வெச்சுக்கத் தெரியல. அதுக்கும் நாந்தான் சொல்லணுமா.

அதுக்கப்புறம் தாரணி வந்தா. தம்பி மக, கரூர்ல கட்டிக் குடுத்திருக்கு. நானே தூக்கி வளத்த புள்ள. வந்ததும் அம்மாவ ஆபரேசனுக்குக் கரூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னா. இங்கயே பண்ணலாமே, நான் இருக்கனேன்னு சொன்னேன். என்ன ஒரு பார்வ பாத்தா. அப்புறம் சொல்றா:

“அத்தை, உங்க அசதி எப்படி இருக்கும்னு எங்கிட்டப் போன்ல சொன்னீங்களே, காலு இழுக்குது, கண்ணு இருட்டுதுன்னு. அந்த வார்த்தையக் கேட்டுத்தான் நான் வளந்தேன். அம்மா வாயில.”

பாரு கண்ணு, படிக்க வெச்ச பலன். எனக்கு வந்தது ஈரல் சுருக்கம். ரத்த வாந்தி எடுத்து உசுர் பொழச்சவ. ரெண்டும் ஒண்ணாகுமா? வார்த்தை ஒண்ணா இருந்தா நோவு ஒண்ணாயிருமா? கட்டில்ல போய்ப் படுத்துட்டேன். கார்ல ஏறப் போறதுக்கு முன்னாடி வசந்தா உள்ள வந்தா. சத்துமாவு டப்பாவக் கட்டிலுக்குக் கிட்டயே வெச்சுட்டு, நங்கையா, படுக்கறதுக்கு முன்னால மறக்காம ஏதாச்சும் வயித்துக்குப் போட்டுக்கங்கன்னா. நான் செவுத்தப் பாத்துட்டுப் படுத்திருந்தேன். தூங்கறேன்னு நெனச்சுட்டுப் போயிருப்பா.

அவ போனப்புறம் வூடு வூடா இல்ல. தம்பிக்கு வெந்நி வெக்கத் தெரியாது. ஓட்டல்ல சாம்பார் வாங்கிட்டு வருவான், அதுல உப்பு கொட்டிக் கெடக்கும். வேண்டாம்டான்னா, ஒரு நாளைக்குத்தானக்கான்னு சொல்லுவான், தெனமும் அதே ஒரு நாள்தான். ஒரு அம்மாவச் சமைக்க வெச்சோம், அது எல்லாத்துலயும் மசாலாவக் கொட்டி, மூக்க உறிஞ்சிட்டே பெசையும், நான் அது கையால தின்ன மாட்டேன்னுட்டேன். கஞ்சிய நானே கரைச்சுக்கலாம்தான். எந்திரிச்சு அடுப்பு வரைக்கும் போகணுமே. கட்டிலோரமா அந்த டப்பா கெடக்கும், அதப் பாத்துட்டே கெடந்து அப்படியே கண்ணசந்துருவேன். மறுபடியும் காலு வீங்குச்சு. எடை கிடுகிடுன்னு ஏறுச்சு. போன வாரம் டாக்டரம்மா மிஷினப் பாத்துட்டு மூஞ்சியச் சுண்டிக்கிட்டாங்க. இது சதை இல்ல, தண்ணி, சதை எறங்கியிருக்குன்னு என் மேல்கையப் புடிச்சுப் பாத்துச் சொன்னாங்க. சமைச்சுப் போட்டுட்டிருந்தவங்க எங்கன்னு கேட்டாங்க. ரெஸ்டுல இருக்கறான்னேன்.

ரெஸ்டுதான். ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சு, ரத்தம் ஏத்தி, ஊசி போட்டு, எல்லாம் ஆச்சு. ஆடி போயி ஆவணியும் வந்துருச்சு. இன்னும் அங்கயே இருக்கறா. போன் பண்ணினா தாரணிதான் எடுப்பா. அம்மா இப்பத்தான் தேறி வர்றாங்க, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்பா. எவ்வளவு நாளைக்கு? அவ ஏற்கனவே படுத்தா எந்திரிக்காத ஆளு. இப்ப மகளும் சேந்து, படும்மா படும்மான்னா, அவ எப்பக் கண்ணு எந்திரிப்பா? அசதிங்கறது படுக்கப் படுக்க எச்சாகும், எனக்குத் தெரியாதா.

அதனாலதான் நானே கெளம்பிட்டேன். தம்பி வேண்டாம்னான், இந்த ஒடம்போட பஸ்ஸுலயான்னான். நேர்ல போயி, வசந்தா, போதும், சேலைய எடுத்து வை, சாயங்கால பஸ்ஸுக்குப் போலாம்னு சொன்னா வந்துருவா. என் பேச்சத் தட்ட மாட்டா. வர்றேன்னு மட்டும் காலைல போன்ல சொன்னேன், எதுக்குன்னு சொல்லல. இன்னிக்கு அவளே எடுத்தா போனை. சாப்பிட்டீங்களா நங்கையான்னு கேட்டா. கொரல் என்னமோ மாதிரி இருந்துது. வேற யாரோன்னு நெனச்சேன் மொதல்ல. தெளிவா, சத்தமா. அவ பேசினா கிட்டப் போயித்தான் கேக்கணும் எப்பவும்.

இல்ல கண்ணு, எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா கண்ண மூடிட்டு இருந்தேன். வயித்தப் பெரட்டுது. மூலனூர் தாண்டினதுல இருந்தே இப்படித்தான். நீ எலுமிச்சம்பழம் வெச்சிருக்கியா? குடு. மோந்துக்கறேன். நல்ல புள்ள நீ. கொஞ்சம் ஒல்லி, ஆனா நல்ல புள்ள. என்ன, உனக்கும் அடிக்கடி களைப்பா இருக்குதா? அதெல்லாம் படிக்கற வயசுல வரும். கீரை தின்னு. ஓடு. சரியாப் போகும்.

கரூரு வந்துருச்சா? அதுக்குள்ளயா. அந்தா, தூணுகிட்ட செவப்புச் சுடிதாருல நிக்கறது தாரணி. கூட்டிட்டுப் போக வர்றேன்னு சொல்லலையே யாரும். அவ பக்கத்துலருந்து ஒருத்தி கெளம்பி வர்றா பாரு, பஸ்ஸு கூடவே. ஜன்னல் ஜன்னலாப் பாத்துட்டு, கூட்டத்துல ஆளுங்கள வெலக்கிட்டு வர்றா பாரு. பஸ்ஸு நிக்கறதுக்குள்ள அடிபட்டுத் தொலையப் போறா, யாருன்னு தெரியல.

வசந்தா.

வசந்தாவா அது? கண்ணு, நீ பாரு, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். பச்சைச் சேலை. ஆமா. அவதான். இவ இப்படி நடப்பாளா? ஒரே வூட்டுல இத்தன வருசம், இவ நடைய நான் பாத்ததே இல்லையே. ஓட்டமும் நடையுமா வர்றாளே. மூஞ்சியில நெறமெல்லாம் வந்திருக்கு. கையக் காட்டறா பாரு.

இரு, எந்திரிக்கறேன். கால் வர மாட்டேங்குது. கையக் குடு. எல்லாரும் எறங்கட்டும், தள்ள வேண்டாம்னு சொல்லு அந்த ஆளுகிட்ட.

கண்ணு, இங்க பாரு. நான் எதுக்கு வந்தேன்னு உங்கிட்டச் சொன்னது உன்னோட இருக்கட்டும். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். யாராச்சும் கேட்டா அப்படித்தான் சொல்லணும், என்ன? அவ கேக்க மாட்டா. அவ எதையும் கேட்டதே இல்ல. மேல ஏறி வந்து என் பைய வாங்கத்தான் கைய நீட்டுவா.

அந்தா, படியில ஏறிட்டா. அவகிட்டக் குடுக்காத கண்ணு அந்தப் பைய. ஆபரேசன் பண்ணின ஒடம்பு, கனம் தூக்கக் கூடாது. எங்கிட்டக் குடு. நான் எடுத்துக்கறேன்.